பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

மார்ச் 4, செவ்வாய்

அத்தையைப் பார்க்க அவருடைய சிநேகிதி வந்திருந்தார். மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டிருக்கிறார். "இன்வெர்ட்டர் செய்யறா" என்று அத்தை சொல்லிவைக்க, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த அம்மாள், "எங்க வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் போனா கீ கீன்னு கத்துதும்மா, ஒரு எட்டு வந்து பாக்கறியா?" என்றார்.

அது வேறு, இது வேறு என்று விளக்க உட்கார்ந்தேன். பேட்டரியில் இருந்து வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். மின்சார வண்டியின் மோட்டாருக்கு அது போதாது. அலை அலையாக, சுற்றிச் சுற்றி வரவேண்டும். நடுவில் இருக்கும் பெட்டிதான் நாங்கள் செய்வது. அதற்குள் ஆறு ஸ்விட்சுகள், கதவு மாதிரி. மோட்டாரின் காந்தம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, அதற்கு ஏற்றபடி அந்தக் கதவுகளைக் கண் இமைப்பதற்குள் பல நூறு தடவை திறந்து மூடவேண்டும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்கிற புரோகிராம் என்னுடையது.

"ஆறு கதவா! இந்த வீட்டுல பாத்ரூம் கதவு ஒண்ணே ஒண்ணு. அதைச் சாத்த மாட்டேங்கிறா இவ" என்றார் அத்தை. என் நாத்தனார் வாலுதான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாலு எங்கள் கம்பெனியில் டெஸ்ட் டிரைவராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான்தான் சேர்த்துவிட்டேன். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதே பெரிய விஷயம், ஒரே கம்பெனியில் வேறா என்று இவர் கேலி செய்தார். அத்தைக்குத்தான் பிடிக்கவில்லை. பெண் பிள்ளை வண்டி ஓட்டிக் கை கால் போனால் யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன். பெரிய வீராப்பு.

சிநேகிதி போன பிறகு வாலு என் காதில் சொன்னாள்: "அண்ணி, உங்க வண்டி இன்னைக்கு வெண்ணெய்ல கத்தி இறங்குற மாதிரி கிளம்புச்சு." சம்பள உயர்வு வந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.


மார்ச் 11, செவ்வாய்

வாலுவுக்கு அடிபட்டுவிட்டது. என்னால்.


மார்ச் 12, புதன்

எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கே மனசு எனக்குச் சாதகமாகக் கதையை மாற்றிவிடும். நேற்றே ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் வேனில் மோட்டாரை மாற்றியிருந்தார்கள். மோட்டார் மாறினால், அதன் காந்தம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சாரை மறுபடி அளந்து, அந்த எண்ணைப் புரோகிராமில் ஏற்றவேண்டும். அது என் வேலை. சக்கரங்களைத் தரையில் இருந்து தூக்கி நிறுத்தி, மோட்டாருக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால், காந்தம் தானாக ஒரு இடத்துக்குத் திரும்பி நிற்கும். அந்த இடத்தை அளந்துகொள்வோம். அதன் பிறகு பெடலை லேசாக மிதித்து, சக்கரம் முன்பக்கமாகத்தான் சுற்றுகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும்.

அளந்தேன். எண் வந்தது, ஏற்றினேன். கண்ணால் பார்க்கவில்லை.

வண்டி வாங்கப்போகிறவர்கள் மாடியில் வந்து காத்திருந்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். புதுப் புடவை வேறு கட்டியிருந்தேன். குனிந்தால் கிரீஸ் படும். நான் நூறு தடவை செய்த வேலைதானே. மெக்கானிக்கிடம், "ஆச்சு, இறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

வாலு வேனில் ஏறியிருக்கிறாள். முற்றத்தில் மெதுவாக எடுப்பதுதானே என்று, வெளியே நீட்டி வைத்திருந்த கையால் பக்கக் கண்ணாடியைத் திருத்திக்கொண்டே பெடலை மிதித்திருக்கிறாள். முன்னால் போகவேண்டிய வேன் பின்னால் பாய்ந்தது. பிரேக்கை மிதித்துவிட்டாள். ஆனாலும் அதற்குள் பின்னால் இருந்த தூணில் பக்கம் உரசி, கண்ணாடியோடு சேர்த்து அவள் கை நசுங்கிவிட்டது. மணிக்கட்டும் இரண்டு விரல்களும்.

நான் மாடியில் படம் காட்டிக்கொண்டிருந்தேன். 'எங்கள் வண்டி எவ்வளவு மென்மையாகக் கிளம்பும்' என்கிற படம். சத்தம் கேட்டது. ஏதோ இரும்பு விழுந்தது என்று நினைத்துத் தொடர்ந்து பேசினேன்.

இதற்கு மேல் எழுதவேண்டியதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி. வாலுவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அத்தையும் இவரும் ஓடி வந்தார்கள். அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

நான் சொன்ன முதல் வார்த்தை: "கையை வெளிய வச்சிருந்தா அத்தை."

ஏன்? யாராவது தொண்டையை நெரிச்சாங்களா? அது பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் அசிங்கம். பொய் சொல்லியிருந்தால் பொய்க்காரி என்று திட்டிக்கொள்ளலாம். நான் உண்மையில் இருந்து எனக்குத் தேவையான துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தேன்.


மார்ச் 13, வியாழன்

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் மூன்றாம் வேனைத் தூக்கச் சொன்னேன். பெடலைத் தொட்டேன். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. அழகாக, ஒரு அதிர்வும் இல்லாமல், வெண்ணெய் மாதிரி.

காரணமும் கிடைத்தது. அளக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. வண்டியைத் தூக்குகிற மெக்கானிக் அதைப் போட்டுத்தான் தூக்கவேண்டும், அது அவர் ஒழுங்கு. எடுத்துவிட வேண்டியது நான். எடுக்கவில்லை. காந்தம் திரும்ப முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றது. அது கிட்டத்தட்ட நேர் எதிர்த்திசை. புரோகிராம் அதையே முன்பக்கம் என்று நம்பிவிட்டது. நான் கொடுத்த எண்ணை நம்பாமல் வேறு எதை நம்பும்?

மேனேஜரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அதனால்தான் ஆபத்து. கதவைச் சாத்திவிட்டு, "இது நமக்குள்ள இருக்கட்டும்மா. இப்ப வெளிய வந்தா ஆர்டர் போயிடும். அந்தப் பொண்ணு ஏன் கையை வெளிய வச்சிருந்துச்சு? ரூல் இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது ஒரு நிம்மதி வந்தது பாருங்கள் — சீ.


மார்ச் 15, சனி

வாலுவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். முழங்கை வரை கட்டு. ஒரு விரல் முன்போல மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தை அவளுக்கு ஊட்டிக்கொண்டே திட்டினார். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பஸ்ல போனாலும் கையை உள்ள வைடின்னு. சின்னப் புள்ளையா நீ? உனக்குப் புத்தி இருந்தா இப்படி ஆகுமா?" திட்டு, ஒரு வாய். மறுபடி திட்டு, ஒரு வாய். திட்டிக்கொண்டே அழுதார்.

வாலு பதில் பேசவில்லை. பேசாத பிறவியா அவள்? ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நான் எழுந்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்கிற பார்வை.

எழுந்தேன். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.


மார்ச் 18, செவ்வாய்

இன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்களா என்று இருந்தது.


மார்ச் 20, வியாழன்

புரோகிராமைத் திருத்தி எழுதுகிறேன். இனிமேல் எந்தச் சந்தேகம் வந்தாலும் ஆறு ஸ்விட்சுகளும் அந்த நொடியே மூடிவிடும். முன்பெல்லாம் சென்சார் ஒரு கணம் தடுமாறினால், காந்தம் இந்நேரம் இங்கேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டு ஓட்டிவிடும். கண்ணில் தூசி விழுந்தால் நாமும் அப்படித்தானே நடக்கிறோம்? அதை நீக்கிவிட்டேன். தூசி விழுந்தால் நில். கொஞ்சம் சூடானால் நில். எண் ஒன்று முன்னே பின்னே இருந்தால் நில்.

மேனேஜர் எட்டிப் பார்த்து, "ரொம்ப பயப்படுறீங்களோ?" என்றார். பாதுகாப்பு சார் என்றேன்.

வீட்டில் இவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். தலையைத் தடவி, "விடு. வேணும்னா செஞ்சே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இரண்டாவதற்கு இல்லை. நீயே சொல்வதுதான் முறை, நான் நடுவில் வரமாட்டேன் என்றார். அதன் பிறகு அவர் தலையைத் தடவவில்லை.


மார்ச் 27, வியாழன்

சாயங்காலம் வாலு மொட்டை மாடிக்கு வரச் சொன்னாள். துணி எடுக்கிற மாதிரி வாளியோடு போனேன்.

"ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு அண்ணி. கை சரியானதும் ஸ்டோர்ஸ்ல வேலை தர்றாங்களாம். வண்டி கிடையாதாம். ரூல மீறுனேனாம்."

நான் கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் கேக்குறது ஒண்ணுதான். அன்னைக்கு வண்டி பின்னால போனது என்னாலயா?"

"இல்ல."

"சத்தமா சொல்லுங்க."

"இல்ல வாலு. என்னால."

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள். "அது எனக்கு அன்னைக்கே தெரியும். முன்னால போற கியர்ல இருந்துச்சு, நான் பாத்தேன். தப்பு எல்லாருக்கும்தான் வரும். நானும் ரெண்டு தடவை வண்டிய இடிச்சிருக்கேன். அதுக்காக உங்க மேல கோபமே வரல. நம்புவீங்களா?" கட்டுப் போட்ட கையைச் சுவர் மேல் வைத்தாள். "ஆனா ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. அம்மா கேட்டதும் கேட்டுச்சு. நீங்க சொன்னதும் கேட்டுச்சு."

கேட்டிருக்கிறது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிச்சுடு என்றோ என்னவோ. "இப்ப வேண்டாம் அண்ணி. இங்க சொல்லி என்ன பிரயோஜனம், இங்க நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

ஈரம் காயாத துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அத்தை மறுபடி காயப்போட்டார்.


ஏப்ரல் 2, புதன்

இன்னொன்றும் நடந்துவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. முதலில் இதை எழுதிக்கொள்கிறேன், யாருக்கும் அடிபடவில்லை.

என் புதுப் புரோகிராமோடு இரண்டாம் வேனை மலைப் பாதையில் இறக்கினார்கள். வாலுவுக்குப் பதில் வந்த டிரைவர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இறக்கத்தில் நல்ல வேகம். சென்சாரில் ஒரு கணத் தடுமாற்றம். கேபிள் லேசாக ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆறு ஸ்விட்சுகளும் மூடிக்கொண்டன.

மூடிக்கொண்டால் பாதுகாப்பு என்றுதானே எழுதினேன்?

காந்தம் நிற்கவில்லை. சக்கரம் உருளும் வரை அது சுற்றும். சுற்றும் வரை அது மின்சாரம் உண்டாக்கும். அந்த வேகத்தில் அது பேட்டரியை விடப் பெரிய அழுத்தம். ஸ்விட்ச் மூடியிருந்தாலும் அதன் பக்கத்தில் இருக்கும் ஒருவழிப் பாதை வழியாகப் பேட்டரிக்குள் பாய்ந்து, மோட்டாரையே பிரேக்காக மாற்றிவிட்டது. யாரும் மிதிக்காத பிரேக். வேன் பின்புறத்தை ஆட்டிக்கொண்டு ஓரத்துச் சுவர் வரை போய் நின்றிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் சுதாரித்து ஒடித்திருக்கிறார்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மாணவியாக இருந்தபோதே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வேகமாக ஓடும்போது எல்லாவற்றையும் மூடக்கூடாது. ஆறில் கீழ் வரிசையில் இருக்கும் மூன்று ஸ்விட்சுகளையும் சேர்த்துத் திறந்துவிட்டால் மோட்டாரின் மின்சாரம் அதற்குள்ளேயே சுற்றிக்கொள்ளும், வண்டி இழுபடாமல் உருளும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே இதைப் பாடம் எடுக்கிறேன்.

பிறகு ஏன் எழுதினேன் அப்படி? வண்டிக்காக எழுதவில்லை. எனக்காக எழுதினேன். நாளைக்கு எது நடந்தாலும், 'என் புரோகிராம் அப்போது எதையும் செய்யவில்லை, கையை எடுத்துவிட்டது' என்று சொல்லிக்கொள்ள.

டிரைவர் திரும்பி வந்து முற்றத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தேன். "பரவாயில்ல மேடம், மெஷின்தானே" என்றார். டீயைத் தொடாமல் பிள்ளைகளுக்குப் போன் போட்டார்.


ஏப்ரல் 3, வியாழன்

கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் நேற்றைய விஷயத்தைக் கேபிள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, அங்கே எல்லோரும் உட்கார்ந்துதான் பேசுவோம். எழுந்துவிட்டதால் உட்காரவும் முடியவில்லை.

"கேபிள் இல்ல சார். நேத்து நடந்ததும் என் தப்பு, மூணாம் வேன்ல நடந்ததும் என் தப்பு. அளக்கும்போது ஹேண்ட் பிரேக்க எடுக்கல. சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கல. அந்தப் பொண்ணு கையை உள்ள வச்சிருந்தாலும் வண்டி பின்னாலதான் போயிருக்கும்."

மெக்கானிக் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அவரையும் ஜாடையாகக் கேட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. என் வெட்கத்திலேயே மூழ்கிக் கிடந்ததில் அவர் ஒருவர் இருப்பதே மறந்துவிட்டது.

மேனேஜர் வெளியே வந்து, "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"தனியாத்தான் சார் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போட்டுக்கொள்ளாமலே போனார்.

இனி என் புரோகிராமை வேறொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டியில் ஏற்றலாம். தலைமைப் பொறுப்பும் என்னிடம் இல்லை. வாலு மீதான குற்றச்சாட்டை எடுத்துவிடுகிறார்களாம்.


ஏப்ரல் 4, வெள்ளி

அத்தையிடம் சொன்னேன்.

பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தார். லீவு போட்டிருந்தேன். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "அத்தை, வாலு மேல தப்பு இல்ல. வண்டி பின்னால போனது நான் செஞ்ச தப்பு. ஆஸ்பத்திரிலயே எனக்குத் தெரியும், ஏதோ என் பக்கம்தான்னு. நான் மறைச்சுட்டேன்."

அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், பெரிய மனசோடு மன்னித்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. இல்லை. சுத்தமாகத் தெரியாது. முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"அப்ப... நான் அவளைத் திட்டினேனே."

"அத்தை—"

"கட்டு போட்டு வலியில கிடந்தா. ஊட்டி ஊட்டித் திட்டினேன். புத்தி இல்லையாடின்னேன். நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே? கேட்டுட்டுத்தானே இருந்தே?"

"ஆமா."

"வண்டில தப்பு வந்தா வரட்டும், அது எனக்குப் புரியாது. என்னை எதுக்கு எம்பொண்ணுக்குப் பாவியாக்கினே?"



கையில் இருந்த பாத்திரத்தை மெதுவாக வைத்தார். வீசியெறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாலுவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே முதலில் அத்தையின் அழுகை, பிறகு வாலு சமாதானம் சொல்லும் சத்தம். "சரிம்மா, விடும்மா. இப்ப எனக்கு மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடு."

நான் மீதிப் பாத்திரங்களைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்ததையும் தேய்த்தேன்.


ஏப்ரல் 9, புதன்

அத்தை என்னோடு பேசுவதில்லை. ஆனால் வீடு நடக்கவேண்டுமே. எல்லாம் இவர் வழியாக.

"டேய், பால் பொங்குதுன்னு சொல்லு." அடுப்பு எனக்குப் பக்கத்தில், இவர் வாசலில். இவர் உள்ளே வந்து, "பால் பொங்குதாம்" என்று சொல்வதற்குள் பொங்கி வழிந்தாகிவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். திரும்பினால் வாலு வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கண் சந்தித்தது. உடனே அவளும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.


ஏப்ரல் 17, வியாழன்

"ஃபேனை யாரு நிறுத்துவா? உங்கப்பனா?"

அத்தை என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம். ஓடிப்போய் நிறுத்தினேன். அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.


மே 6, செவ்வாய்

கட்டுப் பிரித்து, மருத்துவர் சொன்ன பயிற்சி நடக்கிறது. ரப்பர் பந்தைப் பிசையவேண்டும். மோதிர விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. பந்துக்கு வெளியே குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. வாலு அதையே கொண்டு எல்லோரையும் அதிகாரமாகச் சுட்டிக்காட்டி வேலை வாங்குகிறாள். இவர் சிரிக்கிறார், அத்தைகூட. நான் அந்த விரலைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். இன்று கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணி, இங்க பாருங்க. நேரா பாருங்க. நீங்க பாக்காம இருந்தா எனக்குத்தான் என்னமோ அசிங்கமா இருக்கு."

பார்த்தேன். கணுவில் ஒரு தழும்பு, இளஞ்சிவப்பாக. பந்தைக் கையில் வைத்து, என் விரலால் அவள் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிறதா என்றேன். வலிக்குது, விடாதீங்க என்றாள்.


ஜூன் 11, புதன்

இன்று வாலு மறுபடி வண்டி எடுத்தாள். மலைப் பாதை, இரண்டாம் வேன். புது ஏற்பாடு ஒன்றை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்: புரோகிராம் மாறினால், முதல் ஓட்டத்தில் எழுதியவர் வண்டிக்குள் உட்காரவேண்டும். மேனேஜர் ஒத்துக்கொண்டார். "இனிமே எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாங்க" என்றார். கிண்டலா, மெய்யா, தெரியவில்லை.

இறக்கத்தில் வேகம் கூடியது. சொல்லிவைத்தபடி, பின்னால் இருந்த சகபொறியாளர் சென்சாரை வேண்டுமென்றே துண்டித்தார். வண்டி லேசாக ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. பிறகு நேராக உருண்டது. வாலு ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வண்டி நல்லா இருக்கு அண்ணி." ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. "நான்தான் நல்லா இல்ல."

உள்ளங்கை வியர்வையில் ஸ்டீயரிங் பளபளத்தது. திரும்பும்போது சகபொறியாளர் ஓட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பின் இருக்கையில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

புரோகிராமைத் திருத்திவிட்டேன். அவளை?


ஜூன் 29, ஞாயிறு

வாலுவுக்கு வேறு ஊரில் வேலை. மின்சார பஸ் ஓட்ட. வேறு கம்பெனி, வேறு மோட்டார், வேறு யாரோ எழுதிய புரோகிராம். அவளாகவே தேடிக்கொண்டாள். என்னிடம் இருந்து தப்பித்துப் போகிறாளோ என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தாமல் கேட்டும் விட்டேன்.

"கொஞ்சம் ஆமாதான்" என்றாள். "இங்க பெடல தொடும்போதெல்லாம் உங்க முகம் ஞாபகம் வருது. நல்லா ஓடுனா உங்களுக்காக சந்தோஷப்படணும், இல்லன்னா உங்களுக்காக வருத்தப்படணும். எனக்கு வெறுமனே வண்டி ஓட்டணும்."

இதைவிட மரியாதையாக யாரும் என்னிடம் உண்மை பேசியதில்லை. அவளுடைய பெட்டியை அடுக்க உதவினேன். அத்தை ஒரு வருஷத்துக்கான சாமானை எடுத்து வைத்தார்; வாலு பாதியை எடுத்து வெளியே வைத்தாள்; அத்தை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி உள்ளே திணித்தோம்.


ஜூலை 22, செவ்வாய்

வாலு போன் செய்தாள். வழக்கமாக அத்தைக்குத்தான் செய்வாள், பிறகு போன் கை மாறி மாறி என்னிடம் வரும். இன்று நேராக எனக்கு.

பஸ் நன்றாக இருக்கிறதாம். மேட்டில் கிளம்பும்போது மட்டும் ஒரு குலுக்கல், எழுதியவருக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணி, காலையில முதல் தடவை மிதிக்கும்போது கால் நடுங்குது. தினமும். பின்னால ஜனங்க ஏறி உக்காந்திருக்காங்க, நான் மிதிக்காம ஒரு நிமிஷம் உக்காந்திருக்கேன். அப்புறம் சரியாயிடுது. அண்ணன்கிட்ட சொல்லல, அம்மாகிட்ட சொல்லல. யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

என் வாயில் பதில்கள் வரிசை கட்டி நின்றன. இந்தக் காலத்து வண்டியில் திசை மாறினால் தானாகவே தடுத்துவிடும், அந்தக் கம்பெனியில் மூன்று கட்டச் சோதனை, இன்னும் என்னென்னவோ. ஒன்றையும் சொல்லவில்லை.

"எனக்கும்தான்" என்றேன். "புரோகிராம வண்டில ஏத்தும்போது விரல் நடுங்குது. குனிஞ்சு சக்கரத்தைப் பாக்குறேன். எழுந்துட்டு, மறுபடி குனிஞ்சு பாக்குறேன். மெக்கானிக் கொட்டாவி விடுறார்."

அந்தப் பக்கம் வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள். "அப்ப பரவாயில்ல."

பிறகு அவள் தங்கியிருக்கும் அறையைப் பற்றிப் பேசினோம். குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறதாம், ஒரு வாளி நிறைவதற்குள் ஒரு தூக்கம் போடலாமாம். இப்போதும் வாளியை வைத்துவிட்டுத்தான் பேசுகிறாளாம். அது நிறையும் வரை போனை வைக்கவில்லை.